செயலாளர் ஆண்டறிக்கை: குட்டை வண்டியும் நீட்டு வண்டியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

இவ்வாண்டு நம் காட்டுப்பாதை வண்டிச் சங்கத்தின் செயற்குழு 4 முறை கூடியது. குன்றக்குடி, திருமயம் பயணங்கள் நல்லபடி முடிந்தன. ஆயுத பூஜை வழக்கம்போல். முதலுதவி வகுப்புக்கு 7 பேர் வந்தார்கள். அதில் மூவர் சாப்பாட்டு நேரத்துக்கு.

அடுத்து, சோதனை ஓட்டம். சங்கப் பணத்தை நான் மண்ணில் கொட்டினேன் என்று கானாடுகாத்தானில் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு நடந்ததாகக் கேள்வி. பேசியவர்கள் யாரும் அன்று ஓட்டம் நடந்த தோப்புக்கு வரவில்லை. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

காட்டுப் பாதைக்கு மகிந்திராவின் மூணு கதவு தாரா, அஞ்சு கதவு தார் ராக்ஸா என்று தொடங்கினால் நம் கூட்டம் காபி ஆறியும் முடிவதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், தாருக்கு 2450 மி.மீ., ராக்ஸுக்கு 2850. இந்த 400 மில்லிமீட்டருக்குத்தான் இவ்வளவு சண்டை. வாய்ச்சண்டை போதும் என்று, 80 அங்குல வீல்பேஸ் உள்ள என் கிழட்டு ஜீப்பையும் தலைவரின் நீட்டு வண்டியையும் ஆத்தங்குடிப் பக்கம் உறுப்பினர் ஒருவரின் முந்திரித் தோப்பில் இறக்கினேன். (தலைவரின் வண்டி எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, அவர் சங்கடப்படுவார்.) கண்மாய்க் கரையிலேயே ஏற்றலாமே என்றார்கள் சிலர். கூடாது. கரை சரிந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

தோப்புக்குள் ஒரு பழைய மண்மேடு. ஜீப் ஏறி இறங்கிவிட்டது. தலைவரின் வண்டி முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியதும் வயிற்றை மேட்டில் வைத்து உட்கார்ந்துகொண்டது. ஓட்டியவர் மேல் குற்றமில்லை. தரையிலிருந்து உயரம் ஒன்றாகவே இருந்தாலும், சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடினால் வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் குறைந்துவிடும். தாருக்கு அது 27 டிகிரி, ராக்ஸுக்கு 23.9. மூணு டிகிரியில் என்ன வந்துவிடும் என்று கேட்டவர் கையில்தான் அன்று மண்வெட்டி இருந்தது.

மரங்களுக்கு நடுவே ஜீப் ஒரே வெட்டில் திரும்பியது. நீட்டு வண்டி மூன்று முறை முன்னும் பின்னும் போனது. வளைவில் அதன் பின்சக்கரம் உள்வாங்கி வந்ததில் ஒரு முந்திரிக் கிளையும் ஒரு கால்மிதிப் பலகையும் போயின.

செம்மண் குழியில்தான் எனக்கு அடி. அதன் சரளைச் சரிவில் பாதி ஏறியதும் ஜீப் மூக்கைத் தூக்கியது. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போகும். குட்டை வண்டியில் அது இன்னும் அதிகம். முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது, பின்பக்கம் சுழட்டும். தலைவரின் வண்டி பேசாமல் ஏறிப்போனது. இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் பெரிய மலை இல்லை. கரையும் வாய்க்காலும் கருவேலங்காட்டு ஒற்றையடியும்தான். ஆகவே இங்கே குட்டை வண்டியே தேவலை என்பது என் முடிவு. நாலு பேர், கூடாரம், தண்ணீர் கேன் என்று நெடும்பயணம் போனால் பேச்சு வேறு. திருமயம் வரை ஜீப்பின் பின்சீட்டில் வந்தவரின் முதுகைக் கேட்டுப் பாருங்கள்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. பில் உள்ளவை கோப்பில் உள்ளன, மற்றவை எனக்கு ஞாபகம் இருக்கின்றன. கால்மிதிப் பலகைச் செலவு யாருடையது என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். சந்தா பாதிப்பேரிடமிருந்து வரவில்லை. குடும்பக் கணக்கில் கட்டும் கோயில் புள்ளி வரி சிங்கப்பூரிலிருந்துகூட நாள் தவறாமல் வந்துவிடுகிறது. நம் சந்தா காரைக்குடி செக்காலையிலிருந்து வர ஒரு வருஷம் போதவில்லை.

தோப்பு தந்தவருக்கும், கந்தரப்பம் கொடுத்தனுப்பிய பொருளாளர் வீட்டு ஆச்சிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் தடுக்கமாட்டேன். தலைவரின் வண்டியை மேட்டிலிருந்து இழுத்தபோது சங்கத்தின் இழுவைக் கயிறு அறுந்துவிட்டது. முடிச்சுப் போட்ட கயிற்றை நம்பி இன்னொரு வண்டியை இழுக்க மாட்டேன். சந்தா வந்து புதுக் கயிறு வாங்கும்வரை, நீட்டு வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்