மடக்கைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு: யோஸ்ட் பியூர்கியையும் வகுப்புக்கு அழைத்து வாருங்கள்

கணித ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஆசிரியர் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபது வருடமாக டூல் ரூமில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துக்கொண்டிருப்பவன். மடக்கைப் (லாகரிதம்) பாடம் என்றால் மடக்கை அட்டவணையை முதலில் வெளியிட்ட நேப்பியர் பெயர் வரும், 1614 என்ற வருடம் வரும், அத்தோடு சரி, நேராக அட்டவணையைப் புரட்டப் போய்விடுவோம். நான் படித்தபோது அப்படித்தான். அந்த இடத்தில் இன்னொருவர் பெயரையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பெயரை மட்டும் சொன்னால் போதாது, அவர் கணக்குப் போட்ட விதத்தையே பலகையில் போட்டுக் காட்ட வேண்டும்.

யோஸ்ட் பியூர்கி. 1552இல் சுவிட்சர்லாந்தின் டொகென்பர்க் பகுதியில், லிக்டென்ஸ்டைக் என்ற சிற்றூரில் பிறந்தவர். தொழில், கடிகாரம் செய்வது. 1579இல் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் நான்காம் வில்ஹெல்ம் என்ற சிற்றரசரிடம் அரண்மனைக் கடிகாரக்காரராகச் சேர்ந்தார். வில்ஹெல்முக்கு விண்மீன்களை அளப்பதில் தீராத ஆசை. அதற்கு நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும், ஆனால் அந்தக் காலத்துக் கடிகாரங்களை நம்பி வானத்தை அளக்க முடியாது, ஊசல் கடிகாரம் வருவதற்கு இன்னும் எழுபது வருடம் இருந்தது. பியூர்கி, ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் இரண்டு கைகளை வைத்து ஓர் அமைப்பைச் செய்து, ஒரு நாள் ஓடினாலும் பிழை ஒரு நிமிடத்தைத் தாண்டாதபடி கொண்டுவந்தார். நொடி காட்டும் கடிகாரம் செய்தார். 1586இல் வில்ஹெல்ம், டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹேவுக்கு எழுதிய கடிதத்தில் இவரை இன்னொரு ஆர்க்கிமிடீஸ் என்கிறார். இடத்தை முக்கோணமாக்கி அளக்கும் கருவி, வரைபடத்தைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் உதவும் விகிதக் கவராயம், தானே சுழலும் வானக் கோளங்கள் என்று அவர் கையால் ஆனவை ஏராளம். 1594இல் செய்த கோளம் ஒன்று இன்றும் சூரிக்கில் இருக்கிறது.

இவருக்கு லத்தீன் தெரியாது. அன்று அறிவியல் முழுக்க லத்தீனில்தான் நடந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கசின் நூலை இவர் படிக்க முடியவில்லை என்பதற்காக, காசெலில் தங்கியிருந்த உர்சுஸ் என்ற வானியலாளர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அந்த நூலின் முதல் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒரு கடிகாரக்காரருக்காக உருவானது! இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இங்கிலீஷ் வராதவனுக்கு மேல்கணக்கு வராது என்று பள்ளியில் ஒருவர் என்னிடம் சொன்னதை நம்பி நான் கணக்கை விட்டவன், அதனால்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். கருவி செய்கிறவருக்கு சைன் மதிப்புகள் வேண்டும். அவற்றைக் கண்டுபிடிக்க அன்று இருந்த வழியில் வர்க்கமூலம் எடுத்து எடுத்துக் கை ஓய்ந்துவிடும். பியூர்கியின் வழியில் கூட்டலும் பாதியாக்கலும் மட்டும்தான். 30, 60, 90 பாகைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மனதில் தோன்றும் மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், 1, 2, 3 என்றே இருக்கட்டும். கடைசி எண்ணைப் பாதியாக்கினால் 1.5. அங்கிருந்து மேலே கூட்டிக்கொண்டே போங்கள்: 1.5, அதோடு 2 சேர்த்தால் 3.5, அதோடு 1 சேர்த்தால் 4.5. இப்போது இந்தப் புது எண்களை மேலிருந்து கீழே கூட்டுங்கள்: 4.5, பிறகு 8, பிறகு 9.5. ஒரு சுற்று முடிந்தது. முதல் இரண்டையும் கடைசி எண்ணால் வகுத்தால் 0.474, 0.842. 4.5, 8, 9.5 என்ற எண்களை வைத்து இதேபோல் அடுத்த சுற்று போனால் 17.25, 30, 34.75 வரும், வகுத்தால் 0.496, 0.863. மூன்றாவது சுற்றில் 64.625, 112, 129.375, அதாவது 0.4995, 0.8657. 30, 60 பாகைக்கு சைனின் உண்மை மதிப்புகள் 0.5, 0.8660. ஒவ்வொரு சுற்றிலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, கடைசியில் ஒரு தடவை வகுத்தால் போதும்.

இந்த வழியை 1592இல் கையெழுத்துப் பிரதியாக எழுதிப் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் கொடுத்தார். அது அச்சேறவே இல்லை. உர்சுஸ் 1588இலேயே தன் நூலில் இதைப் பற்றி ஒரு புதிர் போலக் குறிப்பிட்டிருந்தும், வழி என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. 400 வருடத்துக்கு மேல் கழித்து, மென்சோ ஃபோல்கர்ட்ஸ் என்ற வரலாற்றாய்வாளர் போலந்தின் விரோட்ஸ்வாஃப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் பிரதியைக் கண்டெடுத்த பிறகுதான் தெரிந்தது. எந்த எண்ணில் தொடங்கினாலும் அது ஏன் சைனில் போய் நிற்கிறது என்பதற்கான நிரூபணமும் அதற்கப்புறம்தான் வந்தது.

மடக்கையிலும் அவருக்கு இதே கதைதான் நடந்தது. 10,00,00,000 என்ற எண்ணில் தொடங்கி, அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அதோடு கூட்டினார்: 10,00,10,000. மறுபடியும் அதேபோல்: 10,00,20,001. முந்தைய எண்ணையே நான்கு இலக்கம் தள்ளி அடியில் எழுதிக் கூட்டும் வேலை, அவ்வளவுதான், ஆனால் அது பத்து மடங்காகும் வரை 23,000 தடவைக்கு மேல் கூட்ட வேண்டும். கூட்டினார். இந்த எண்களைக் கறுப்பு மையிலும், 0, 10, 20 என்று ஏறும் வரிசை எண்களைச் சிவப்பு மையிலும் அச்சிட்டார். கறுப்பில் பெருக்க வேண்டியதைச் சிவப்பில் கூட்டினால் போதும். மடக்கை என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

நேப்பியருக்குப் பல வருடம் முன்பே பியூர்கி இதற்கு வந்துவிட்டார் என்று, பிராகில் அவரோடு வேலை பார்த்த வானியலாளர் கெப்ளரே எழுதியிருக்கிறார். ஆனால் அட்டவணை அச்சானது 1620இல்தான். அதுவும் எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் இல்லாமல். அந்த வருடம் நவம்பரில், அட்டவணை அச்சான பிராக் நகருக்கு வெளியே வெள்ளை மலைப் போர் என்ற பெரிய சண்டையும் நடந்தது. அந்த விளக்கம் அச்சில் வந்தது 1856இல். பிறந்த பிள்ளையை ஊருக்குப் பயன்படும்படி வளர்க்காமல் கைவிட்டுவிட்டார், ரகசியத்தைக் காப்பவர், காலம் கடத்துபவர் என்று கெப்ளர் வருத்தப்படுகிறார். வருத்தம் நியாயம்தான். ஆனால் பட்டறைக்காரனாக எனக்கு பியூர்கியின் பக்கமும் புரிகிறது. கைத்தொழிலில் நுணுக்கம்தான் சோறு, அதை அச்சில் போட்டு ஊருக்குக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் கிடையாது. எழுத்தும் அவருக்குச் சுலபமாக வரவில்லை, அவருடைய இயற்கணிதக் கையெழுத்துப் பிரதியைத் திருத்தி ஒழுங்குபடுத்தியதே கெப்ளர்தான். பியூர்கி 1632இல் காசெலில் இறந்தார், எண்பதை நெருங்கிய வயதில்.

நேப்பியரைக் குறைத்துப் பேசச் சொல்லவில்லை. அவர் அட்டவணை முதலில் வெளிவந்தது, உலகத்துக்குப் பயன்பட்டது, அந்தப் பெருமை அவருக்கு உரியது. நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. பிள்ளைகள் ஆளுக்கு மூன்று எண் எழுதட்டும், ஒவ்வொருவரும் வேறு வேறு எண்கள். கூட்டட்டும், பாதியாக்கட்டும். எல்லார் தாளிலும் ஒரே விடை நெருங்கி வருவதை அவர்களே பார்த்த பிறகு, இதைக் கண்டுபிடித்தது லத்தீன் தெரியாத ஒரு கடிகாரக்காரர் என்று சொல்லுங்கள். நேரம் இருந்தால் 10 பாகை இடைவெளியில் ஒன்பது எண்களோடும் செய்யலாம், அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் கூட்டல் அதிகமாக இருக்கும்.

அப்புறம், நடத்திப் பார்த்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பிள்ளைகள் என்னென்ன எண்களில் தொடங்கினார்கள், எத்தனையாவது சுற்றில் 0.5 கண்ணுக்குத் தெரிந்தது என்று.