மூன்று மாஜிகளும் ஒரு குழாயும்

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் தங்கச்சியும் நலமா? பேத்தி தமிழில் சண்டை போடுகிறாளா, இல்லை இன்னும் "தாத்தா"வோடு சரியா? எனக்குச் சர்க்கரை, வீட்டில் அவளுக்கு மூட்டுவலி. சோலை அந்தச் சைக்கிளை இன்னும் விற்கவில்லை. நலம் விசாரிப்பு முடிந்தது.

நியூசிலாந்தில் உங்கள் வெலிங்டனில் தண்ணீருக்குத் தனி பில் வரப்போகிறது என்று புலம்பியிருந்தாய் அல்லவா? அதை டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். பக்கத்து பெஞ்சில் நம் மூன்று ஊர் மாஜி தலைவர்களும் இருந்தார்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போனதிலிருந்து அவர்களுக்குப் பொழுது போகவில்லை. "நாமளும் மூணு ஊரும் சேந்து தண்ணிக்கு ஒரு அமைப்பு வச்சா என்ன? அடுத்து எவன் ஜெயிச்சாலும் தீர்மானம் போடச் சொல்லுவோம்" என்று கிளம்பிவிட்டார்கள். காலமெல்லாம் ஊராட்சிக் கணக்கு எழுதியவன் என்பதால் வரைவு எழுதும் வேலை என் தலையில்.

உள்ளே ஒரு பயமும் இருக்கிறது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது பக்கத்துப் பேரூராட்சிகளான கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் போய்விட்டன. தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு ஊரைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே என்பது மாஜிகளின் கணக்கு. தப்பில்லை.

சரி என்று உங்கள் ஊர்க் கதையை உட்கார்ந்து படித்தேன். 2014 முதல் வெலிங்டன் வாட்டர் என்று ஒரு கம்பெனி; சுற்றியுள்ள நகர மன்றங்கள் பங்காளிகள். ஆனால் குழாய் அந்தந்த மன்றத்தின் சொத்து. எவ்வளவு செலவழிப்பது என்பதும் அவரவர் முடிவு. எனக்கு நம் தெருப் பெரிய வீடுதான் ஞாபகம் வந்தது. வளவு முற்றம் பொது, அடுப்பு தனித்தனி. ரெண்டாங்கட்டு ஓடு ஒழுகினால் எந்தப் புள்ளி, அதாவது எந்தக் குடும்பம், காசு போடும்? அங்கே குழாயில் விட்ட தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு வரை மண்ணுக்குள் கசிந்து போனதாம். போகாமல் என்ன செய்யும்!

2026 ஜூலை 1 முதல் டியாகி வை என்ற புது அமைப்பு குழாய், கடன், பில் மூன்றையும் தன் பெயரிலேயே வைத்துக்கொள்கிறது, மன்றங்கள் உரிமையாளர்களாகவே இருக்கும், தனியாருக்கு விற்கச் சட்டம் விடாது என்றெல்லாம் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வரைவில் முதல் வரியே அதுதான்: குழாய் யார் பெயரிலோ பணம் அவர் கையில்.

இன்னொன்றும் படித்தேன். 2016-இல் உங்கள் நாட்டு ஹேவ்லாக் நார்த்தில் பெருமழையில் ஆட்டுப் புழுக்கை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து, 5,000 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு. அது குளோரின் போடாத தண்ணீர். நம் ஊரில் மருந்து வாடை என்று சண்டைக்கு வரும் பெரியாத்தாவிடம் இதைச் சொன்னேன். "நியூசிலாந்து ஆடு இங்க எப்படிடா வரும்" என்கிறாள்.

காரைக்குடிக்காரனுக்குச் சம்பை ஊற்று இருக்கிறது, நாக்கைச் சப்புக்கொட்டிப் பெருமை பேசுவான். நமக்குத் திருச்சியிலிருந்து வரும் காவிரிக் குழாய், ஒரு போர்வெல், அப்புறம் ஊரணி. வால்வு திறப்பவர் குழிக்குள் குனிந்து நீளச் சாவியைத் திருகினால் முதல் ஊரில் சீறுகிறது. நடு ஊரில் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். நம் தெருவுக்கு வருவது முதலில் காற்று, அப்புறம் செம்மண் கலங்கல், அது தெளிவதற்குள் முறை முடிந்துவிடும். ஊரணிக்கும் இதே கதைதான்: வரத்துக்கால் மேற்கே இருக்கிற இரண்டு ஊர்ப் பொட்டல்களைத் தாண்டி வர வேண்டும், அங்கே இப்போது பிளாட் கல் ஊன்றிவிட்டார்கள். மூன்று ஊரும் சேராமல் நமக்குத் தண்ணீர் இல்லை. வரத்துக்காலையும் அமைப்பின் பொறுப்பில் எழுதியிருக்கிறேன். ஒரு மாஜி முகம் கோணினார். பிளாட் அவர் மச்சினனுடையது.

மூவருக்கும் தலைவர் நாற்காலி யாருக்கு என்பதுதான் பிரச்சினை. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று சுழற்சி எழுதினால், முதல் ஆண்டு எங்களுக்கு என்கிறார்கள் மூவரும்.

எனக்கு உறுத்துவது வேறு, மாப்ளே. இன்றைக்குத் தண்ணீர் வராவிட்டால் நம் பெண்கள் காலிக்குடத்தோடு ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் போய் உட்காருகிறார்கள். மறுநாள் ஏதோ நடக்கிறது. நாளைக்கு அமைப்பின் அலுவலகம் வேறு ஊரில் என்றால், பெரியாத்தா குடத்தோடு பஸ் ஏறுவாளா? பணத்தை ஓரிடத்தில் வைக்கலாம். திட்டு வாங்குகிற ஆள் மட்டும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தாக வேண்டும். இதை எந்தச் சட்ட பாஷையில் எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அதனால் நீ ஒன்று செய். உன் வீட்டுக் குழாயில் கோளாறு என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை நாளில் வருகிறார்கள், வராவிட்டால் அடுத்து யார் என்று விசாரித்து எழுது. பில் வந்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. எந்தெந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தை பிறந்ததும் மாஜிகள் மறுபடி கூடுகிறார்கள்.

உன்,
முத்தையா