ஏதென்ஸில் நின்றது மனமல்ல, வயிறு

ஆசிரியருக்கு,

பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் பற்றிய பேச்சில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பாதியில் நின்றதை மனத்தளர்ச்சி என்பது அநியாயம். போட்டிக்குச் சற்று முன் காலில் காயம். அதற்கு வீக்கம் குறைக்கும் மாத்திரைகள். அவை வயிற்றைக் கெடுத்ததால் உண்டது உடலில் சேரவில்லை என்று அவரே விளக்கியிருக்கிறார். மாரத்தானில் 30 கி.மீ. தாண்டினால் தசைகளில் சேமித்த மாவுச்சத்து தீரத் தொடங்கும். அப்போது குடிப்பதும் உண்பதும் குடலில் தங்காவிட்டால், எவ்வளவு பயிற்சி இருந்தாலும் கால் நகராது. அவர் நின்றது 36 கி.மீ. வாக்கில்.

அதே ஆண்டு நவம்பரிலேயே நியூயார்க் மாரத்தானில் வென்றார். 2005இல் ஹெல்சிங்கியில் உலகப் பட்டமும் அவருக்கே.

2003 லண்டன் ஓட்டத்தைப் பாருங்கள்: முதல் பாதி 68 நிமிடம் 2 விநாடி, இரண்டாம் பாதி 67 நிமிடம் 23 விநாடி. கிலோமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 13 விநாடி என்ற கடும் வேகத்திலும் பின்பாதியை விரைவாக ஓடியவர் அவர்! மொத்தம் 2 மணி 15 நிமிடம் 25 விநாடி; அன்று அது பெண்கள் மாரத்தான் உலக சாதனை. அதை முறியடிக்க 2019 அக்டோபரில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் வர வேண்டியிருந்தது.

– தடகள ஆர்வலர், கோவை