செயலாளரின் ஆண்டறிக்கை 2025: புளூட்டோவும் அதற்கு அப்பாலும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலகமும் பள்ளி முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. இவ்வறிக்கை பெரும்பாலும் புளூட்டோ போன்ற குறுங்கோள்களைத் தொலைநோக்கியில் நோக்குவது பற்றியது. அடுத்த ஆண்டுத் தீர்மானங்கள் அதை ஒட்டியே வருகின்றன.

புளூட்டோ ஜூலை 25 அன்று எதிரமைவுக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வந்தது. அதற்கு முந்தின நாள் ஆடி அமாவாசை, நிலவொளித் தொல்லை இல்லை; இதைவிடப் பொருத்தம் வேண்டியதில்லை. மகரக் குழுவில், வான நடுவரைக்குத் தெற்கே 23 டிகிரி அளவில் இருப்பதால் ஜவ்வாது மலையில் 54 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. லண்டனில் 15 டிகிரியைத் தாண்டாது. பொலிவெண் (எண் கூடக் கூட ஒளி மங்கல்) 14.4. 12 அங்குல ஆடி கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியில் கண்ணுக்கு எட்டும் என்றாலும், 15-ஆம் பொலிவெண் வரை விண்மீன்களைக் காட்டும் வரைபடம் கையில் இல்லாமல் தேடுவது வீண்வேலை.

கேமராவில் எடுக்க 8 அங்குலத் தொலைநோக்கியே போதும். 1000 மி.மீ. குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் இருந்தால் ஒரு பிக்சல் 0.78 விகலை (டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை). எதிரமைவின்போது புளூட்டோ ஒரு நாளில் ஏறத்தாழ 85 விகலை, அதாவது 110 பிக்சல் அளவு, மேற்கே நகர்கிறது. 60 வினாடிப் படங்கள் முப்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுநாளும் அதே புலத்தை (படத்தில் அடங்கும் வான்பகுதியை) எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும். ஒரே இரவின் படத்தை வைத்துக்கொண்டு 'இதுதான் புளூட்டோ' என்று அறிவிப்பதை இனி ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

போலி நகர்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக்கும் துருவச் சீரமைப்பு சரியில்லை என்றால் புலம் மெல்ல வழுகும். விண்மீன்களை ஒட்டி அடுக்கும்போது கேமராவின் சூடான பிக்சல் (ஒளி படாமலே ஒளிர்ந்து தெரியும் பிக்சல்) நேர்கோட்டில் நடந்து, புதுக் கோள் போலவே தெரியும். விண்மீன் நான்கைந்து பிக்சல் பரந்திருக்க, இது ஒற்றைப் பிக்சலாகக் கூர்மையாக இருந்தால் சந்தேகம் வேண்டாம். படத்துக்குப் படம் சில பிக்சல் தாறுமாறாக நகர்த்தி எடுப்பதும், அதே வெப்பநிலையில் மூடியிட்டு இருட்டுப்படம் எடுத்துக் கழிப்பதும் மருந்து. சென்சார் 6 டிகிரி சூடேறினாலே, ஒளி இல்லாமல் அதில் எழும் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாவதால், மாலையில் எடுத்த இருட்டுப்படம் விடியற்காலைக்கு உதவாது.

செரஸ் என்ற குறுங்கோள் அக்டோபர் 2 எதிரமைவில் 7.6 பொலிவெண்ணுடன் திமிங்கிலக் குழுவில் இருந்தது. 10x50 இருகண்ணோக்கிக்கே எட்டும்.

ஏரிஸ் என்ற தொலைதூரக் குறுங்கோள்தான் நமக்கு வாய்க்காதது. எதிரமைவு ஐப்பசி மழையில் வருகிறது, பொலிவெண்ணோ 18.7. மணிக்கு 1.4 விகலை நகர்வதால் இரண்டு மணி நேரத்தை ஒன்றாக அடுக்கினால் ஒளி சிதறி அமிழ்ந்துவிடும். அரைமணி அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஹௌமியா, மாக்கேமாக்கே என்ற குறுங்கோள்கள் அப்படியல்ல. மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரை, வானம் தெளிந்த பங்குனி சித்திரையில், நம் தலைக்கு மேலேயே செல்கின்றன. 17-ஐ ஒட்டிய பொலிவெண் எட்டக்கூடியதே. ஹௌமியா 3.9 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் நீள்வடிவம். அதனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் ஒளி 0.3 பொலிவெண் அளவு ஏறி இறங்கும். வடக்கு-தெற்கு உச்சிக்கோட்டை அது கடக்கும்போது மவுண்ட் மறுபக்கம் புரள்வதால் படம் 180 டிகிரி திரும்பும். வழிகாட்டு விண்மீனை மறுபடி பிடிக்க அட்டவணையில் பத்து நிமிடம் ஒதுக்குக.

மறைப்புகளுக்கும், அதாவது இப்பொருள்கள் விண்மீனின் முன்னால் சென்று அதன் ஒளியை மறைக்கும் நிகழ்வுகளுக்கும், ஆயத்தமாக வேண்டும். ஹௌமியாவின் வளையம் 2017-லும், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குவாவாரின் வளையங்கள் 2023-லும் வெளிப்பட்டது விண்மீன் மறைப்புகளால்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் வளையங்களைக் காட்டிக்கொடுத்த மறைப்பை இதே ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்து 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. மறைப்பின்போது பூமியில் விழும் நிழல் வினாடிக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓடும்; மடிக்கணினிக் கடிகாரம் ஒரு வினாடி பிசகினால் அளவீடும் அத்தனை கி.மீ. தள்ளிப்போகும்.

எனவே முன்மொழிபவை: ஜி.பி.எஸ். நேரமுத்திரைக் கருவி ஒன்று, இரண்டாம்நிலை ஆடிக்குப் பனிநீர் தடுக்கும் சூடேற்றிப் பட்டை ஒன்று, ஏப்ரல் அமாவாசை வாரம் முழுவதும் ஹௌமியாவுக்கே. ஏரிஸ் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்