200 கெஜத்தில் ஒரு .22

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. படியேற ஆரம்பித்துவிட்டார்களா? அடுத்த முறை எழுது. இங்கே பீனிக்ஸில் வெயில் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. காலையில் வெளியே நிற்க முடிகிறது என்பதால் சனிக்கிழமைகளில் மறுபடி ரேஞ்சுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஊருக்கு வடக்கே பென் ஏவரி என்று ஒரு பெரிய சூட்டிங் ரேஞ்ச் இருக்கிறது. மாநில வனவிலங்குத் துறை நடத்துவது. சுற்றிலும் பாலைவனம், கள்ளி, மலை.

என்.சி.சி. கேம்பில் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்துச் சுட்ட அதே .22-வைத்தானா (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலமுள்ள சின்ன ரைஃபிள்) இன்னமும் கட்டிக்கொண்டு அழுகிறாய், பெரிய ரைஃபிள் வாங்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் 200 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் சின்ன இரும்புத் தகட்டை .22-வால் அடிக்கப் பழகியவனுக்குப் பெரிய ரைஃபிள் மேல் அவ்வளவு ஆசை வராது என்பதுதான் என் அனுபவம்.

கணக்கைப் பார். போட்டிகளுக்கான .22 குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பேரலை, அதாவது குழலை, விட்டுப் போகும்போது விநாடிக்கு ஏறக்குறைய 327 மீட்டர் வேகம். 50 கெஜத்துக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்து வைத்துக்கொண்டு அதே குறியில் 200 கெஜத்துக்குச் சுட்டால், குண்டு குறிக்குக் கீழே 1.3 மீட்டர் தள்ளி விழும். 300 கெஜத்தில் ஏறத்தாழ 4 மீட்டர். அங்கே போய்ச் சேர அதற்கு ஒரு விநாடி பிடிக்கிறது. .308 என்ற பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர் 800 கெஜத்துக்கு ஸ்கோப்பில் எவ்வளவு ஏற்றுவாரோ, கிட்டத்தட்ட அவ்வளவை நான் 200 கெஜத்திலேயே ஏற்ற வேண்டும். அவருக்கு முக்கால் கிலோமீட்டர் வெட்டவெளி தேவை. எனக்கு ஒரு பெரிய தோப்பின் நீளம் போதும். படிக்கிற பாடம் ஒன்றுதான்.

அந்தப் பாடம் காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கிற சாதாரணக் காற்று, 200 கெஜத்தில் குண்டை ஒரு சாணுக்கு மேல் தள்ளிவிடும். நீ கேட்பாய், அப்படியானால் வேகமான தோட்டாவைப் போட வேண்டியதுதானே என்று. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும் .22 தோட்டாக்களும் கடையில் கிடைக்கின்றன. அவை பக்கவாட்டில் இன்னும் அதிகமாகத் தள்ளப்படுகின்றன! ஒலிவேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று எகிறிவிடும். வேகமான குண்டு கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே அந்த எதிர்ப்பில் மாட்டிக்கொண்டு வேகத்தைத் தொலைக்கிறது. குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறது என்பதைவிட, காற்றே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் வழியில் எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பதை வைத்துத்தான் காற்று அதைத் தள்ளும். மெதுவாகக் கிளம்பி மெதுவாகவே போகிற குண்டு குறைவாக இழக்கிறது. அதனால்தான் எலி (Eley), லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று தோட்டா செய்கிற பெரிய கம்பெனிகள் எல்லோருமே போட்டித் தோட்டாக்களை ஒலிவேகத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒலிவேகமும் நிலையானதில்லை, அதுதான் இந்த ஊரில் வேடிக்கை. 40 டிகிரி வெயிலில் விநாடிக்கு 355 மீட்டர், பூஜ்ஜியம் டிகிரியில் 331. ஜனவரி அதிகாலைக் குளிரில் என் 327 கிட்டத்தட்ட அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கோடையில் எழுதி வைத்த கணக்கை அப்போது அப்படியே நம்ப முடியாது.

துப்பாக்கியைவிடத் தோட்டாவில் பணத்தைப் போடு என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரிய தோட்டாவை வீட்டிலேயே வெடிமருந்தை எடைபோட்டு மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். .22-இல் அது நடக்காது. பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது, துப்பாக்கியின் சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் அது வெடிக்கிறது. தொழிற்சாலை கொடுத்ததுதான் உனக்கு. ஒரு குண்டுக்கும் அடுத்ததுக்கும் விநாடிக்கு 9 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், 50 கெஜத்தில் கண்ணுக்குத் தெரியாது. 200-இல் மேலும் கீழுமாகப் பத்து சென்டிமீட்டர் ஆகிவிடும். அதனால் ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம் என்று நம்பக் கூடாது, லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்ணை) பார்க்க வேண்டும். உன் பேரலுக்கு ஒத்துவரும் லாட் அடுத்த ஆளுடையதற்கு ஒத்துவராது. இதற்கென்றே லாப்புவா இங்கே மேசா நகரத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. ரைஃபிளைக் கொண்டுபோனால் இறுகப் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டுவார்கள்.

இன்னொன்று. .22-இல் சுடும்போது தோளில் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்று நானே பார்க்கலாம். 200 கெஜத்தில் தகட்டில் பட்டால், ட்ரிகரை அழுத்தி ஒரு விநாடிக்கு மேல் ஆனபிறகுதான் ‘டிங்’ காதில் விழும். அடுத்த ரவுண்டுக்கு முன் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, கள்ளியடிப் புல் சாய்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். இதைத்தான் விளையாட்டு என்கிறேன்.

உன் பாப்பா விஷயம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலிருந்து (காற்றழுத்தத்தில் சுடுவது) 50 மீட்டர் .22-வுக்கு மாறச் சொல்லி கோச் சொல்கிறார் என்றால் தயங்காதே. பாரிஸில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே 451.4 எடுத்து வெண்கலம் வாங்கியது 50 மீட்டர் த்ரீ பொசிஷனில்தான் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது). நான் சுடுவது வேறு ஆட்டம், ஆனால் தோட்டா ஒன்றே. அங்கே இலக்கின் நடுவே உள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். 10 மீட்டர் ஹாலுக்குள் சுட்டுப் பழகிய பிள்ளைக்கு வெளிக்காற்று முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். கொடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே சுடப் பழகட்டும், காற்று நிற்கட்டும் என்று காத்திருக்க விடாதே. ட்ரிகரை அழுத்தியதும் தலையைத் தூக்குகிறாளா என்று மட்டும் நீ பக்கத்தில் நின்று கவனி. மெதுவான குண்டு, பேரலுக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கும், அதற்குள் அசைந்தால் போச்சு.

கிளப்பில் எந்தத் தோட்டா கொடுக்கிறார்கள், பெட்டியில் லாட் எண் என்ன என்று அவளையே எழுதி அனுப்பச் சொல். ஒரே லாட்டில் எத்தனை பெட்டி ஒதுக்கித் தருவார்கள் என்றும் கேட்டு வை. டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் அவளோடு ரேஞ்சுக்கு வருகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் பக்கத்து அறைக்காரன்