கெளுத்திக்கு, பண்ணவாடிச் சேதி

அன்புள்ள கெளுத்தி,

எட்டு மாதமாக வாய் திறக்காதவன் திடீரென்று எழுதுகிறானே, கடன் கேட்கப் போகிறானோ என்று பயந்திருப்பாய். பொறு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சின்னவள் பத்தாம் வகுப்பு. குடும்பச் சேதி அவ்வளவுதான்.

போன வாரம் மேட்டூர் அணையோரம் பண்ணவாடி போயிருந்தேன். உன்னைப் பரிசலோடு மூன்று சுற்றுச் சுற்றவிட்டு அலறவைத்தாரே, அந்த அண்ணனைப் பார்த்தேன். எதிர்க்கரை நாகமரைக்கு ஆள் ஏற்றுவதை விட்டுவிட்டு இப்போது மீன் மட்டும்தான். மூங்கில் பரிசல் போய் ஃபைபர் பரிசல் வந்திருக்கிறது. பீடி மட்டும் அதே பீடி.

சாயங்காலம் அவர் வலை கட்டப் போகும்போது நானும் தொற்றிக்கொண்டேன். (என் எடையைப் பற்றி அவர் சொன்னதை எழுதமாட்டேன்.) விடியற்காலை நாலு மணிக்கு வலையைத் தூக்கினால் மொத்தமே நாலு கிலோ தேறவில்லை. எல்லாம் ஜிலேபி, ஒரே ஒரு கட்லா. கரையில் வியாபாரி தராசோடு காத்திருந்தார். வலைக்கு அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார் அண்ணன். அதனால் மீனை வேறு யாருக்கும் போட முடியாது, விலையும் வியாபாரி வைத்ததுதான். அன்றைக்குக் கையில் விழுந்தது இருநூற்றுச் சொச்சம். அண்ணியும் கூடவே துடுப்புப் போட்டார், அவருக்குத் தனிக்கூலி ஏது?

2024 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? மாத ஆரம்பத்தில் 40 அடியில் கிடந்த அணை, 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. உன் வயலுக்குத் தண்ணீர் வரும் என்று நான் போனிலேயே குதித்தேன். அதை அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். "தண்ணி நெறஞ்சா மீன் பரந்துபோயிடும் தம்பி, நம்ம வலைக்கு எட்டாது. வெள்ளம் வந்தா பரிசலையே எறக்க விடமாட்டாங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நீர் இறங்கி, முழுகிக் கிடக்கும் பழைய கோயில் நந்தி தலைகாட்டும்போது கொஞ்ச நாள் நன்றாகப் படுமாம். அதற்கும் கீழே போனால் சேறும் செத்த மீனும்தான்.

அவர் தாத்தா காலத்தில் கடலிலிருந்து உல்லம் மீன் இவ்வளவு தூரம் ஏறி வருமாம். 1934-ல் அணை கட்டி முடித்த பிறகு அது வர வழியில்லை. உன் ஊர் நெல்லுக்குக் கொடுத்த விலையில் அதுவும் ஒன்று, திட்டாதே.

கடல்காரர்களுக்கு 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணமாவது உண்டு. இங்கே மீன் கிடைக்காத நாளுக்கு வியாபாரியிடம் இன்னொரு முன்பணம். பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், அவன் அனுப்புவதில்தான் வட்டி கட்டுகிறார்கள்.

சரி, நீ பயந்தது நடக்கப்போகிறது. முன்பணப் பாக்கி இருபத்தெட்டாயிரம். நீ, நான், மொட்டை, மூவரும் போட்டால் அடைத்துவிடலாம். அப்புறம் மீனை அவர் இஷ்டப்பட்ட இடத்தில் விற்கட்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. மொட்டையிடம் நீயே பேசு, நான் கேட்டால் பழைய சினிமா டிக்கெட் கணக்கை எடுப்பான்.

உன்,
ஆரால்