அடுப்பில் ஏறும் புரதப் பொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வே புரதப் பொடி (பால் திரிந்தபின் பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதத் தூள்) சேர்த்துச் செய்யும் பலகாரங்களைப் பற்றி வெளியான கட்டுரையில், பொடியைச் சூடாக்கினால் புரதம் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் நான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மகனுக்காக அந்தப் பொடியோடு அடுப்படியில் மல்லுக்கட்டி வருபவளும்கூட. அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வே புரதம் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தன் மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து திரள்கிறது. இத்தாலியர்கள் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரைக் காய்ச்சி ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி செய்வது இந்தத் திரட்சியால்தான். உருவம் மாறுகிறதே தவிர, புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அவித்த முட்டையில் புரதம் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. நெடுநேரம் கடும் சூட்டில் சிவக்க விட்டால் லைசின் என்ற அமினோ அமிலம் ஓரளவு குறையும் என்பது உண்மை; வீட்டுச் சமையலில் அது பெரிய இழப்பன்று.

உண்மையான தொல்லை பக்குவத்தில் இருக்கிறது. இந்தப் பொடியை மாவு என்று நினைத்து அளப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு, நானும் செய்தேன். மாவை இழுபட வைக்கும், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இதில் இல்லாததால், ஒரு கோப்பை மாவுக்கு, டப்பாவோடு வரும் கரண்டியால் ஒரு கரண்டி முழுவதும் கொட்டிப் பிசைந்த சப்பாத்தி முதலில் கையெல்லாம் ஒட்டி, தேய்க்கும்போது கிழிந்து, கல்லிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடத்தில் செருப்புத் தோலாகிவிட்டது. பாதிக் கரண்டியாகக் குறைத்து, தண்ணீருக்குப் பதில் தயிர் விட்டுப் பிசைந்த பிறகுதான் மகன் முணுமுணுக்காமல் சாப்பிட்டான். கேக்கில் மைதாவின் கால் பங்குக்கு மேல் மாற்றாமல், தயிரோ மசித்த வாழைப்பழமோ சேர்த்து, வழக்கமான 180 டிகிரிக்குப் பதில் 160 டிகிரியில் வைத்து, நடுப்பகுதியில் லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரத்தூள்தான். பாயசத்திலோ கஞ்சியிலோ கொதிக்கும்போது தூவினால் திரிதிரியாகிவிடும். ஆறிய பாலில் கரைத்து, அடுப்பை அணைத்துச் சூடு தணிந்தபின் ஊற்றுவதே சரி.

பனீர் பிரித்த தண்ணீரும் இந்தப் பொடியும் ஒன்றே என்று அதே கட்டுரை கூறியதும் சரியன்று. நாம் பாலை நன்றாகக் கொதிக்கவிட்டு எலுமிச்சை பிழிவதால், வே புரதத்தின் பெரும்பகுதி பாலின் மற்றொரு புரதமான கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் சப்பாத்தி பிசையலாம், சாம்பாரில் சேர்க்கலாம். ஆனால் அதைக் குடித்து உடம்பு தேற்றலாம் என்று எண்ண வேண்டாம்.

கட்டுரை பேசாமல் விட்ட ஒன்றும் உண்டு. சாக்லேட், வெனிலா மணம் சேர்த்த பொடிகள் பலவற்றில் இனிப்புக்காகச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியைக் கலக்கிறார்கள். சுக்ரலோஸ் உள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்றும், தெளிவான முடிவு கிடைக்கும்வரை சமைத்தபின் அதைச் சேர்ப்பதே நல்லது என்றும் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டுக்கான கூட்டரசு நிறுவனம் 2019இல் அறிவித்தது. கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது என்றாலும் மேல்தோலும் தோசைக்கல்லும் தாண்டும். ஆகவே அடுப்பில் ஏற்றுவதற்கு மணமும் இனிப்பும் சேர்க்காத பொடியைத்தான் நான் வாங்குகிறேன்.

"புரத லட்டு" என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கரண்டிப் பொடியில் உள்ள சுமார் 24 கிராம் புரதம் 12 லட்டுகளில் பிரிந்தால், ஒன்றுக்குப் பொடியால் கிடைப்பது 2 கிராம்தான்; 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறத்தாழ 10 கிராம் கிடைத்துவிடும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பதே நலமுள்ள பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பலகாரங்களைத் தொடக்கூடாது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இனி இத்தகைய சமையல் குறிப்புகளை வெளியிடும்போது, கரண்டிக் கணக்கோடு நிறுத்தாமல் கிராம் அளவையும், எவ்வகைப் பொடி என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டப்பாவுக்கு டப்பா கரண்டியின் அளவு மாறுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.